இவர் எந்த நாட்டுப் புனிதர்?

முட்டத்துக் கலங்கரை விளக்குக் குன்றின் அடியில், பாறைகளுக்கும் வள்ளங்களுக்கும் இடைப்பட்ட மணல்வெளியில், சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலைப்பொழுதில் நாம் கண்ட காட்சி இன்னும் கண்ணைவிட்டு அகலவில்லை. சிறுவர் ஐவர் வரிசையாக நின்றனர். ஐவர் தலையிலும் அட்டைப் பெட்டியை வெட்டிச் செய்த தலைக்கவசம். ஒன்றில் சிவப்பு, ஒன்றில் நீலம், ஒன்றில் மஞ்சள் எனப் படகுக்குப் பூசி மிஞ்சிய வண்ணங்கள். கண்களுக்கு மட்டும் நீண்டதொரு துளை. ஒருவன் கையை உயர்த்தி மந்திரம்போல் ஏதோ முழங்க, மற்ற நால்வரும் ஒரே வீச்சில் கைகளைச் சுழற்றிக் கால் மடக்கி நின்றனர். எதிரே அரக்கனாக நிற்க எவனும் இசையாமையால், கிழிந்த வலைக்குவியல் ஒன்றே அரக்கன் ஆயிற்று.

அருகே காயப்போட்டிருந்த நெத்திலியை வாரிக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவர் நிமிர்ந்து பார்த்தார். "இது எந்த நாட்டுப் புனிதரு மக்கா?" என்று சிவப்புக் கவசக்காரனைக் கேட்டார். "புனிதரு இல்ல பாட்டி, பவர் ரேஞ்சர்!" என்றான் அவன். "யாரா இருந்தாலும் சரி, கருவாட்டுல மண்ணு விழாம வெளையாடச் சொல்லு" என்று சொல்லிவிட்டு அவர் தம் வேலையில் ஆழ்ந்தார்.

நாம் சிரித்தோம். ஆனால் அம்மூதாட்டியின் கேள்வி சிரிப்புக்குரியது அன்று. முட்டத்துப் பங்கின் ஆலயம் சகல புனிதர் ஆலயம். எத்தனையோ நாட்டுப் புனிதர்களை, எத்தனையோ நிறத்து அங்கிகளை, வாளோடும் ஈட்டியோடும் நிற்கும் சுரூபங்களைக் கண்டு வளர்ந்த கண்கள் அவை. முன்பின் அறியாத ஒரு வீரர் கடற்கரைக்கு வந்தால், அவர் யார், எங்கிருந்து வந்தார், யாருக்காகப் போராடினார் என்று கேட்பதே அவ்வூரின் மரபு. நம் பிள்ளைகள் நெஞ்சில் குடியேறிவிட்ட அந்த முகமூடி வீரரைப் பற்றி அக்கேள்வியை நாம் ஒருநாளும் கேட்டதில்லை. 'டிவி பைத்தியம்' என்று ஏசியதோடு நம் கடமை முடிந்ததென்று இருந்துவிட்டோம். அவர் வரலாற்றைச் சற்றே நோக்குவோம்.

மீனவர் துயரில் பிறந்த கதை

ஜப்பானுக்கும் நம் கடற்கரைக்கும் உள்ள உறவு பழையது. 1544-ஆம் ஆண்டின் இறுதியில் பூவார் முதல் பள்ளம் வரையுள்ள மீனவர் ஊர்களில் கால்நடையாகச் சென்று திருமுழுக்கு அளித்த புனித சவேரியார், முட்டத்து மணலிலும் நடந்தார். ஐந்தாண்டுகள் கழிந்து, 1549 ஆகஸ்டு 15 அன்று அவரே ஜப்பானின் ககோஷிமாவில் கரையிறங்கினார். அவர் காலடி பட்ட இரு கரைகள் நானூறு ஆண்டுகளுக்குப் பின் வேறொரு வழியில் சந்திக்கும் என்று எவர் எண்ணியிருக்கக்கூடும்?

1945 ஆகஸ்டு 6 அன்று ஹிரோஷிமாவிலும், 9 அன்று நாகசாகியிலும் அணுகுண்டு வீசப்பட்டது. நாகசாகியில் குண்டு வெடித்தது உரகாமி என்னும் பகுதியின் மேல். தலைமுறை தலைமுறையாக மறைந்து வாழ்ந்து விசுவாசத்தைக் காத்த கத்தோலிக்கர்களின் பகுதி அது. அவர்களின் பேராலயம் இடிந்து விழுந்தது. பங்கு மக்களில் ஏறத்தாழ 8,500 பேர் மாண்டனர்.

அப்புண் ஆறுமுன்னரே அடுத்த அடி விழுந்தது. இம்முறை விழுந்தது மீனவர்மீது. 1954 மார்ச் 1 அன்று பசிபிக் கடலில் பிகினித் தீவருகே அமெரிக்கா ஐதரசன் குண்டு ஒன்றைச் சோதித்தது. தொலைவில் சூரை மீன் பிடித்துக்கொண்டிருந்த ஒரு ஜப்பானியப் படகின்மேல் வெண்ணிறச் சாம்பல் மணிக்கணக்கில் பெய்தது. யாய்சு துறையைச் சேர்ந்த அப்படகின் பெயர் 'ஐந்தாம் ஃபுகுர்யூ மாரு'. நற்பேற்று நாகம் என்று பொருள்படும். அதிலிருந்த 23 மீனவர்களும் கதிர்வீச்சு நோய்க்கு ஆளாயினர். படகின் வானொலிப் பணியாளர் குபோயாமா ஐகிச்சி அவ்வாண்டு செப்டம்பர் 23 அன்று இறந்தார். நஞ்சேறிய மீன் என்று அஞ்சி மக்கள் மீன் வாங்க மறுத்தனர்; பிடித்த மீனைக் கரையில் புதைக்கும் நிலை வந்தது. கடலை நம்பிப் பிழைப்போருக்கு இதன் வலி சொல்லித் தெரியவேண்டுவதில்லை.

அவ்வாண்டு நவம்பர் 3 அன்று 'காட்ஸில்லா' என்னும் திரைப்படம் ஜப்பானில் வெளிவந்தது. இயக்கியவர் ஹோண்டா இஷிரோ. தந்திரக் காட்சிகளை அமைத்தவர் சுபுராயா எய்ஜி. அணுகுண்டுச் சோதனையால் உறக்கம் கலைந்த கடற்பூதம் நகரை அழிக்கும் கதை அது. படத்தின் தொடக்கத்தைக் கவனிக்கவேண்டும். கடலில் ஒரு கப்பல், திடீரென ஒளி, தீ, கப்பல் மூழ்குகிறது. கரையில் உறவினர் அலுவலகத்தை முற்றுகையிட்டு, 'எங்கள் ஆட்கள் எங்கே?' என்று கதறுகின்றனர். பூதம் முதலில் தாக்குவதும் ஒரு மீனவத் தீவையே. பழைய நம்பிக்கைப்படி அத்தீவினர் முகமூடி தரித்துச் சடங்குக் கூத்து ஆடும் காட்சியும் அதில் உண்டு.

பின்னாளில் எத்தனையோ வண்ணம் பூசிக்கொண்டு உலகைச் சுற்றிய முகமூடி வீரர் மரபு, இந்தப் படத்தின் வழித்தோன்றலே. சிறுவர் கேளிக்கை என்று நாம் ஒதுக்கிய ஒன்றின் வேரில், கடலுக்குப் போய் உருக்குலைந்து திரும்பிய மீனவர்களின் துயரம் கிடக்கிறது.

மூன்று நிமிட வீரன்

பூதத்தைப் படைத்த கைகளே, பின்னர் அதை எதிர்க்கும் வீரனையும் படைத்தன. 1901-இல் ஃபுகுஷிமா மாவட்டத்து சுகாகாவாவில் பிறந்த சுபுராயா எய்ஜி, 1963-இல் தம் பெயரால் ஒரு படப்பிடிப்பு நிறுவனம் தொடங்கினார். 1966 ஜூலை 17 அன்று அவருடைய 'அல்ட்ராமேன்' தொலைக்காட்சித் தொடர் முறைப்படி ஒளிபரப்பாகத் தொடங்கியது; 39 வாரங்கள் நடந்தது. நம் வாசகர்களுள் பலர் அறியாத செய்தி ஒன்றுண்டு: சுபுராயா கத்தோலிக்கத் திருமுழுக்குப் பெற்றவர். 1970 ஜனவரி 25 அன்று மறைந்த அவர், டோக்கியோவின் ஃபுச்சூப் பகுதிக் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் துயில்கின்றார்.

அல்ட்ராமேன் கதை எப்படித் தொடங்குகிறது? வேற்றுலகிலிருந்து ஒரு கொடிய விலங்கைத் துரத்தி வரும் வீரன், தவறுதலாக ஹயாட்டா என்னும் மனிதனின் விமானத்தில் மோதி அவன் சாவுக்குக் காரணமாகின்றான். அப்பிழைக்கு வருந்தித் தன் உயிரை அவனோடு பகிர்ந்துகொண்டு இருவரும் ஒருவராகின்றனர். வீரனின் வரலாறு வெற்றியில் தொடங்காமல் தன் குற்றத்தை உணர்வதில் தொடங்குகிறது. மேலும் அவன் ஆற்றல் வரம்புடையது. பூமியில் அவன் மூன்று நிமிடங்களே போரிட இயலும். நேரம் குறையக் குறைய மார்பிலுள்ள விளக்கு சிவந்து துடிக்கும். எல்லாம் வல்லவனாக இல்லாத, மூச்சு முட்டும் வீரன் இவன். சிறுவர் நெஞ்சு பதைபதைப்பது இதனாலேயே.

இறுதிக் கதையில் அவன் தோற்கின்றான். அவனை மீட்க அவன் நாட்டவன் வருகையில், 'என் உயிரை ஹயாட்டாவுக்குக் கொடு' என்னும் பொருளில் வேண்டுகின்றான். அடுத்து வந்த 'அல்ட்ரா செவன்' தொடரில், 1968-இல், வீரன் சிலுவையில் அறையப்பட்டவனாய்க் காட்டப்பட்டான். 1972-இன் 'அல்ட்ராமேன் ஏஸ்' தொடரில் வீர சகோதரர்கள் சிலுவையில் தொங்கும் கோளுக்குக் கொல்கொதா என்றே பெயர். அத்தொடரின் எழுத்தாளர்களுள் ஒருவரான இச்சிகாவா ஷின்இச்சி நாகசாகி மாவட்டத்தவர், கிறிஸ்தவர். இவற்றை மறைக்கல்விப் பாடம் என்று நாம் சொல்ல வரவில்லை. அவ்வாறு சொல்வது அந்தக் கலைஞர்களுக்கும் நியாயமாகாது, நமக்கும் அழகாகாது. பல சமயங்களும் பல கதைகளும் கலந்த மண்ணில் எழுந்த படைப்பு அது. வீரனின் முகத்தை வடிவமைத்த நரிட்டா டோரு, பழங்காலச் சிலைகளின் மென்முறுவலை அம்முகத்தில் வைத்தார். நாம் சொல்வது இவ்வளவே: பிறருக்காகத் தன்னைக் கொடுப்பவனே வீரன் என்னும் எண்ணம், அந்தக் கதைகளில் மேற்பூச்சாக இல்லை; எலும்பாக இருக்கிறது.

இன்னொரு கதையையும் குறிப்பிடவேண்டும். 1966 டிசம்பரில் வந்த 23-ஆம் பகுதியில் தோன்றும் ஜமிலா என்னும் பூதம், உண்மையில் ஒரு விண்வெளி வீரன். நீரற்ற கோளில் சிக்கிய அவனை, அவனை அனுப்பிய நாடு மீட்காமல் கைவிட்டு, செய்தியையும் மறைத்துவிட்டது. உருமாறி, சினம் மூண்டு பூமிக்குத் திரும்பியவனை அல்ட்ராமேன் கொல்லவேண்டியதாகிறது. மடிந்தவனுக்குக் கல்லறை எழுப்பி, 'மனிதகுல முன்னேற்றத்துக்கு உயிர் தந்தவன்' என்னும் கருத்தில் புகழ்மொழி பொறிக்கின்றனர். கூட்டத்தில் ஒருவன் மட்டும், பலியானவர்களுக்கு எப்போதும் கிடைப்பது அழகிய சொற்கள்தாமே என்று மனம் கசக்கின்றான். சிறுவர் தொடரில் இப்படியொரு கேள்வியா என்று நாம் வியந்தோம். கடலில் காணாமற்போனவர்களுக்காக அறிக்கைகள் வாசிக்கப்பட்டதைக் கேட்டிருக்கும் எந்தக் கடற்கரை ஊரும் இக்கதையை உடனே புரிந்துகொள்ளும்.

முகமூடி கடல் கடந்த வழி

1971 ஏப்ரல் 3 அன்று இஷினோமோரி ஷோட்டாரோவின் 'கேமன் ரைடர்' வந்தது. பகைவர்களால் உடல் மாற்றப்பட்டு, அந்த மாற்றத்தின் வேதனையைச் சுமந்தபடியே அவர்களை எதிர்ப்பவன் அவ்வீரன். 1975 ஏப்ரல் 5 அன்று அவரே படைத்த 'கோரெஞ்சர்' வந்தது. ஐவர், ஐந்து நிறங்கள், ஓர் அணி. தனித்து எவராலும் வெல்ல இயலாது. ஐவரும் சேர்ந்தாலொழிய அரக்கன் வீழான். அந்த மரபில் ஆண்டுக்கு ஒன்றாக வந்த தொடர்களுள் ஒன்றின் சண்டைக் காட்சிகளை வாங்கி, முகமூடி கழற்றிய காட்சிகளுக்கு மட்டும் அமெரிக்க இளைஞர்களை நடிக்கவைத்து உருவாக்கியதே 'பவர் ரேஞ்சர்ஸ்'. 1993 ஆகஸ்டு 28 அன்று அது அமெரிக்கத் தொலைக்காட்சியில் தோன்றியது. முகமூடி மூடியிருந்தமையால் உள்ளே இருந்தவர் ஜப்பானியர் என்பதை அமெரிக்கச் சிறுவர் அறியவில்லை. முகமூடியின் வசதி அது. எந்த நாட்டுப் பிள்ளையும் அதற்குள் தன் முகத்தை வைத்துப் பார்க்கலாம்.

நம் நாட்டுக்கோ இவ்விருந்தினர் அதற்கு முன்பே வந்துவிட்டனர். 1967-இல் ஜப்பானில் எடுக்கப்பட்டு, ஆங்கிலம் பேசவைக்கப்பட்ட 'ஜெயன்ட் ரோபோ' தொடரை 1980-களில் தூர்தர்ஷன் ஒளிபரப்பியது. 1982-இல் திருவனந்தபுரத்தில் தூர்தர்ஷன் நிலையம் அமைந்த பின், நம் பகுதியில் ஒன்றிரண்டாய்க் கூரைமேல் ஆண்டெனாக்கள் முளைத்த காலம் அது. பெட்டி இருந்த வீட்டு முற்றம் தெருவின் முற்றமாயிற்று. 1981-இல் 'அலைகள் ஓய்வதில்லை' படப்பிடிப்பைத் தம் பாறைகளில் கண்ட முட்டத்தார்க்குப் படம் பிடிப்பது புதுமை அன்று. ஆயினும் கைக்கடிகாரத்தில் ஒரு சிறுவன் கட்டளையிட, வானளாவிய இரும்பு மனிதன் எழுந்து பறப்பது புதுமையே. ஆங்கிலம் எமக்கு விளங்கவில்லை. விளங்கவேண்டிய தேவையும் இல்லை. ஓலைக்கீற்றைக் கிழித்துக் கடிகாரம் கட்டிக்கொண்டு கடலைப் பார்த்துக் கட்டளையிட்ட அக்காலச் சிறுவர் கூட்டத்தில் நாமும் ஒருவர்.

அத்தொடரின் முடிவில், அணுவாற்றல் திரண்ட உடலையுடைய பகைவர் தலைவனைத் தாக்கினால் பூமியே வெடிக்கும் என்னும் நிலை வருகிறது. ஆற்றல் தீர்ந்து நின்ற இரும்பு மனிதன், சிறுவனின் கட்டளையில்லாமலே அசைகின்றான். பகைவனைத் தூக்கிக்கொண்டு விண்வெளிக்குச் சென்று, விண்கல் ஒன்றில் மோதி அவனோடு அழிகின்றான். திரும்பி வா என்று சிறுவன் கதறும் கதறலுக்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை. கரையில் நின்று கடலைப் பார்த்துக் கதறுவதை அந்த முற்றத்தில் இருந்தோர் அனைவரும் அறிவர்.

ஓர் இளைஞரின் கதை

நமக்கு அறிமுகமான இளைஞர் ஒருவர் இருக்கின்றார். மீனவர் மகன், பொறியியல் படித்தவர். 2004 டிசம்பர் 26 அன்று அவருக்கு வயது எட்டு. அன்று காலை நம் கரையில் ஏறிய பேரலைக்குத் தமிழில் பெயரில்லாமற் போயிற்று. 'துறைமுக அலை' என்னும் பொருள்கொண்ட ஜப்பானியச் சொல்லே நமக்குப் பெயர் தந்தது. குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி, முட்டம் என ஊர்தோறும் ஓலம். அவர் குடும்பம் தற்காலிகக் குடியிருப்பில் மாதக்கணக்கில் வாழ்ந்தது. இரவில் கடல் இரைச்சல் கேட்டால் எழுந்து ஓடிய குழந்தைகளுள் அவரும் ஒருவர்.

அச்சமயத்தில்தான், 2004-இன் இறுதியில் இந்தியாவுக்கு வந்த டூன் டிஸ்னி அலைவரிசை வழியாகப் பவர் ரேஞ்சர்ஸ் தமிழ் பேசத் தொடங்கியது. பிற்பாடு நண்பர் வீட்டில் அதைக் கண்ட அவர், ஒரு பகுதியையும் தவறவிடாத பற்றாளர் ஆனார். "ஊரையே அழிக்கிற மாதிரி ஒண்ணு வருது சார். ஆனா அஞ்சு பேரு ஓடாம நிக்கான். அதுதான் எனக்கு வேண்டியிருந்தது" என்றார் நம்மிடம். அவர் அச்சம் எந்த மருந்தில் தணிந்தது என்று மருத்துவர் சொல்லட்டும். அவர் சொன்னதை நாம் இங்கே பதிவு செய்கின்றோம்.

அவருடைய பற்று வளர்ந்தது. மூலமான ஜப்பானியத் தொடர்களைத் தேடிக் கண்டார். எந்த ஆண்டில் எந்த அணி, எந்தக் கவசத்தை எவர் வடித்தார் என்றெல்லாம் பங்கு வரலாற்றைச் சொல்லும் முதியவர்போல் சொல்வார். 2024 பிப்ரவரி 17, 18 நாட்களில் சென்னை நந்தம்பாக்கம் வணிக மையத்தில் 'காமிக் கான்' விழா முதன்முறையாக நடந்தபோது, நாகர்கோவிலில் இரவு ரயிலேறிச் சென்றார். மூன்று மாதம் உழைத்துத் தாமே செய்த சிவப்புக் கவசம் ஒரு சாக்குப் பையில் உடன் சென்றது. தந்தையார் சொன்னது: "இந்த வேசத்துக்குப் போட்ட காசுல ஒரு துண்டு வலை வாங்கியிருக்கலாமே மக்கா."

திரும்பி வந்த மகனிடம் நாம், அங்கே என்ன கண்டீர் என்று கேட்டோம். அவர் சற்றுத் தயங்கிச் சொன்ன விடை நம்மை வாயடைக்கச் செய்தது. "படிக்கப் போன எடத்துல நான் வாயத் தொறந்தாலே, கடப்புறத்தானான்னு கேப்பாங்க சார். அந்தத் தொப்பிக்குள்ள போனபெறகு எந்த ஊரு, என்ன சாதின்னு ஒருத்தரும் கேக்கல. சின்னப் புள்ளைங்க ஓடி வந்து கையப் பிடிச்சுது."

1954-இல் காட்ஸில்லா உருவத்துக்குள் நின்றவர் நகாஜிமா ஹருவோ என்னும் நடிகர். முதல் உடையின் எடை ஏறத்தாழ நூறு கிலோ. அதன் வெம்மையில் சில நிமிடங்களுக்கு மேல் நிற்க இயலாது. பார்த்தவர் எவரும் அவர் முகத்தைக் காணவில்லை. முகம் காட்டாமல் உழைக்கும் மனிதரின் பெருமை ஒருபுறம் இருக்க, முகம் காட்டினால் இழிவு நேரும் என்று நம் பிள்ளை அஞ்சும் நிலை மறுபுறம். அவர் முகமூடியை நாடியது குற்றமா? முகமூடியின்றி அவரை ஏற்காத நம் சமுதாயம் செய்தது குற்றமா?

வேடம் பூணும் திருவிழா

இவ்விழாக்களின் வரலாறும் சுவையானது. 1975 டிசம்பரில் டோக்கியோவில் படக்கதைப் பற்றாளர்கள் கூடிய முதல் 'காமிக்கெட்' சந்தைக்கு வந்தோர் எழுநூறு பேரளவே. பின்னாளில் அது இலட்சக்கணக்கானோர் கூடும் திருவிழாவாயிற்று. கதைமாந்தரைப் போல் வேடமிட்டு வருவதற்கு 'காஸ்பிளே' என்னும் பெயர் 1980-களின் தொடக்கத்தில் ஜப்பானிய இதழொன்றில் சூட்டப்பட்டது. அமெரிக்காவில் பவர் ரேஞ்சர்ஸ் பற்றாளர்களுக்கென்றே 2007-இல் ஒரு மாநாடு தொடங்கியது. 2011-இல் தில்லியில் இந்தியாவின் முதல் காமிக் கான் நடந்தது.

பெரியவர்கள் வேடமிட்டுக் கூடுவதா என்று முகம் சுளிப்போர் நம்மிடையே உண்டு. அன்பர்களே, சற்றே பின்னோக்கிப் பாருங்கள். நம் பாட்டனார் செய்தது என்ன? ஞானசௌந்தரி, எஸ்தாக்கியார், தேவசகாயம் பிள்ளை, மூன்று இராசாக்கள் என்று தமிழ்க் கத்தோலிக்க ஊர்களில் விடிய விடிய நாடகம் நடந்த காலம் ஒன்றிருந்தது. பகலில் வலை இழுத்த கைகள் இரவில் செங்கோல் பிடித்தன. அட்டையும் ஜிகினாத்தாளும் ஒட்டிய கிரீடம். கடன் வாங்கிய பட்டு. அண்ணாவியார் மாதக்கணக்கில் சொல்லிக் கொடுத்த பாட்டு. எழுதப் படிக்கத் தெரியாதவரும் நூற்றுக்கணக்கான அடிகளை நெஞ்சில் வைத்திருந்தார். பேரரசராகத் தோன்றியவரை ஊர் மறுநாளும் 'ராசா' என்றே அழைத்தது. அப்பெயர் சாகும்வரை நிலைத்தவர்களும் உண்டு. வலைக்குச் செலவிட வேண்டிய காசைக் கிரீடத்தில் போட்டதற்காக அவர்கள் தந்தையரும் ஏசியிருக்கக்கூடும்!

ஆகவே சென்னை அரங்கில் கவசமணிந்து நின்ற இளைஞர் அயல்நாட்டு மோகத்தில் வழிதவறியவர் அல்லர். தம் பாட்டனாரின் கிரீடம் கைமாறி வராமையால், கிடைத்த கவசத்தை எடுத்துக்கொண்டவர். நாடக மேடைகளை நாம் கைவிட்டோம். பிரதிகள் பலவும் பரண்களில் செல்லரித்தன. வெற்றிடத்தை விட்டுவைத்தவர்கள் நாம். அதில் வந்து அமர்ந்தவனைக் குறை கூறுவதும் நாமே.

இதனால் அந்தத் தொடர்களில் குறையே இல்லை என்று கொள்ளற்க. பொம்மை விற்கும் வணிகம் அவற்றின் பின்னே எப்போதும் நின்றது. ஆண்டுதோறும் புதிய கவசம், புதிய இயந்திரம் எனப் பிள்ளைகளின் ஆசையும் பெற்றோரின் பணப்பையும் இழுக்கப்பட்டன. எல்லாச் சிக்கலுக்கும் அடிதடியே தீர்வு என்னும் பழக்கமும் அவற்றில் மிகுதி. ஜமிலா போன்ற கதைகள் பத்தில் ஒன்றே. ஆனால் அந்தப் பத்தில் ஒன்றைப் பிரித்தறிய, பிள்ளையோடு உடன் அமர்ந்து பார்க்கும் பெரியவர் ஒருவர் வேண்டும்.

வானிலிருந்து எவரும் வராத நாள்

2017 நவம்பர் 29 இரவும் 30-ஆம் நாளும் ஒக்கிப் புயல் நம் கடலைப் புரட்டியது. ஆழ்கடலில் இருந்தோரை எச்சரிக்கை எட்டவில்லை. குமரிக் கரையும் திருவனந்தபுரக் கரையும் வானத்தைப் பார்த்து நின்றன. தேடும் பணி போதவில்லை என்று கண்டபோது, கரையிலிருந்த மீனவர்கள் தாமே படகெடுத்துக் கொந்தளிப்பு அடங்காத கடலுக்குள் சென்று தேடினர். சிலரை உயிரோடும் பலரை உடல்களாகவும் கொண்டுவந்தனர். பலர் வரவேயில்லை. அலுவலக வாயில்களில் நின்று 'எங்கள் ஆட்கள் எங்கே?' என்று பெண்கள் கதறியதைக் கண்டபோது, 1954-இன் அந்தத் திரைப்படக் காட்சி நினைவில் எழுந்தது. அறுபத்து மூன்று ஆண்டுகளுக்குப் பின்னும் அக்கதறலில் ஒரு சொல்லும் மாறவில்லை.

அந்நாட்களில் நம் இளைஞரும் வீட்டில் இருக்கவில்லை. காணாமற்போனோரின் பெயர், படகு, ஊர், கடைசியாகப் பேசிய நேரம் ஆகியவற்றை வீடு வீடாகச் சென்று எழுதிப் பட்டியல் தயாரித்த இளைஞர்களோடு சேர்ந்து இரவு பகலாக உழைத்தார். தொடர்களின் பெயரும் ஆண்டும் பிசகாமல் நினைவில் வைக்கும் அதே மனம், மனிதரின் பெயரை ஒன்றும் விடாமல் எழுதியது. அவர் அதைத் தியாகம் என்று கருதவில்லை. அதைப்பற்றிப் பேசவும் விரும்பவில்லை. ஐந்து பேர் ஓடாமல் நிற்கும் கதையைச் சிறுவயதில் பார்த்ததால்தான் இது நேர்ந்தது என்று நாம் சொல்லமாட்டோம். அவர் தாயும் ஊரும் அவரை அவ்வாறு வளர்த்திருந்தனர். ஆனால் அக்கதை அதற்குக் குறுக்கே நிற்கவில்லை என்பதை மட்டும் உறுதியாகச் சொல்வோம்.

அந்த மூதாட்டி இன்று நம்மிடையே இல்லை. இருந்திருப்பின், இப்போது அவருக்கு விடை சொல்லியிருப்போம்: "பாட்டி, இவர் புனிதர் அல்லர். கடலுக்குப் போன மீனவர்மேல் சாம்பல் பெய்த ஒரு நாட்டிலிருந்து வந்தவர். அந்நாட்டார் தம் அச்சத்துக்கு ஒரு பூதத்தையும், தம் நம்பிக்கைக்கு ஒரு வீரனையும் செய்துகொண்டார்கள். சவேரியார் நடந்த கரைதான் அதுவும்."

அன்று மாலை நாம் கண்ட காட்சியின் முடிவைச் சொல்லாமல் விட்டோம். விளையாட்டின் நடுவே வள்ளம் ஒன்று கரையைத் தொட்டது. அலை பின்னுக்கு இழுக்க, அதை மேலேற்ற ஆள் போதவில்லை. ஒரு குரல் வந்தது. ஐவரும் தலைக்கவசங்களைக் கழற்றி மணலில் வைத்துவிட்டு ஓடினர். பெரியவர்களின் தோள்களுக்கிடையே தம் சிறு தோள்களையும் கொடுத்துத் தள்ளினர். மூதாட்டி நெத்திலியை வாரி முடித்து எழுந்தார். வரிசையாகக் கிடந்த ஐந்து அட்டைக் கவசங்களை மிதித்துவிடாமல் சுற்றி நடந்து வீடு நோக்கிப் போனார்.